பாதி ஊற்றிய பார்

பிள்ளை இல்லாத வீட்டில் டிரம்முக்குள்ளே பிள்ளை வளர்க்கிறான் என்று என் வீட்டுக்காரரை நைனார்பாளையமே கிண்டல் செய்தது. அவருக்குக் கோபம் வராது. "ஆமா, கோடிக்கணக்குல பெத்து வெச்சிக்கினு கீறேன், உன்னால ஆவுமா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்பார். பேர் கண்ணாயிரம். ஆனால் மனுஷனுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல்தான் அத்தனை நம்பிக்கை. எனக்குத்தான் சுருக்கென்று குத்தும். இத்தனை வருஷத்தில் என் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. அதைச் சொல்லிக்காட்ட ஊருக்கு அந்த டிரம் ஒரு சாக்கு.

டிரம்மில் இருந்தது சூடோமோனாஸ். நல்லது செய்கிற பாக்டீரியா. சின்னசேலத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் வெள்ளைப் பொடியாகப் பொட்டலத்தில் தருவார்கள். அதை வெல்லம் கரைத்த தண்ணீரில் போட்டு நிழலில் வைத்து, காலையிலும் சாயங்காலமும் கலக்கிவிட்டால் பெருகும். மஞ்சள் செடியின் வேரில் ஊற்றினால், கிழங்கை அழுக வைக்கிற பூஞ்சணம் வருவதற்கு முன்னால் இது போய் வேரைச் சுற்றி இடம் பிடித்துக்கொள்ளும். "பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் புடிக்கற மாரிதான் அம்சா. நம்மாளு ஒக்காந்துட்டான்னா அப்பறம் வர்றவன் நின்னுக்கினேதான் போவணும்" என்பார். எந்த ஆபீசரும் எனக்கு அப்படி விளங்க வைத்ததில்லை.

எங்களுக்கு முக்கால் ஏக்கர் மஞ்சள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கிழங்கு அழுகல் நோய் வந்து, தோண்டினால் சேறும் நாற்றமும்தான் வந்தது. நீல மருந்து, பச்சை மருந்து என்று கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது. மஞ்சள் சகவாசமே வேண்டாம், மக்காச்சோளம் போடுவோம் என்று நான் சண்டை பிடித்தேன். ஒரு வாரம் அவருக்குச் சோறு மட்டும் போட்டேன், பேச்சு இல்லை. கடைசியில் அவர்தான் வந்து நின்றார். "இந்த ஒரு வருஷம் எனுக்காக வுடு. இந்தக் காடு அழுவாது. நான் காப்பாத்திக் காட்டுறேன்." அவர் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு கேட்டால் நான் என்ன செய்வேன், விட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தால் சாயங்காலத்துக்குள் எங்கள் காட்டில் தண்ணீர் ஓடும். பள்ளத்துப் பக்கம் சில குத்துகளில் இலை ஓரம் காய ஆரம்பித்தது. அதைப் பார்த்த அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கை ஓயவில்லை. வீட்டுப் பின்பக்கம் இருந்த டிரம்மில் இருந்து நான் குடம் குடமாகக் கொண்டுபோய்க் கொடுக்க, அவர் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு செடியின் தூரிலும் ஊற்றிக்கொண்டு வந்தார். பள்ளத்தில் தொடங்கவில்லை, மேட்டில் தொடங்கினார். "நோவு வந்தத அப்பறம் பாக்கலாம். நல்லா கீறதுக்கு மொதல்ல காவல் போடணும்" என்றார்.

பாதிக் காடு வந்திருப்பார். நான் அடுத்த குடத்தோடு போனபோது பார் மேல் உட்கார்ந்திருந்தார். பார் என்றால் செடி நட்டிருக்கிற மண் மேடு. அதில் உட்காரக் கூடாது, கிழங்கு நசுங்கும் என்று என்னை எத்தனை தடவை திட்டியிருக்கிறார். அவரே உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கை.

"வாயு புடிச்சிக்கிச்சி போல. இந்தப் பாரை முடிச்சிட்டு வந்துடறேன், நீ போ."

நான் போகவில்லை, கத்தினேன். பக்கத்துக் காட்டுப் பழனி ஓடிவந்து ஆட்டோவைக் கூப்பிட்டான். கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. போகிற வழியில் கண்ணைத் திறந்து ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "டிரம்மைக் கலக்கிவுடு." சாகப்போகிற மனுஷன் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கென்று ஒரு வார்த்தை இல்லையே என்று அப்போதே எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் ஆறவில்லை.

ஆனால் கலக்கினேன். எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில், வீடு நிறைய ஜனம் தூங்கிக்கொண்டிருக்க, பின்பக்கம் போய்த் துடுப்பை எடுத்துக் கலக்கினேன். சாயங்காலமும் கலக்கினேன். புளித்த வெல்ல வாசனை மேலே வந்தது. அவர் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அதுதான்.

என் நாத்தனார் தைலம்மாள் அதைப் பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரருக்குப் பெரிய அக்கா, சின்னசேலத்தில் வாழ்க்கைப்பட்டவர். வாய்க்குப் பூட்டுக் கிடையாது, ஆனால் தம்பி போன நாளிலிருந்து எனக்குத் தலைவாரி விட்டு, சோறு பிசைந்து ஊட்டியதும் அவர்தான்.

"இன்னாமே இது? புருசன் சாம்பல் ஆறல, நீ துடுப்பு போட்டுக்கினு கீற. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"கலக்கலன்னா செத்துடும் அண்ணி."

"எது?" என்றார். நான் டிரம்மைக் காட்டினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அன்றைக்கே நினைத்திருப்பார்.

அந்தத் தண்ணீரை அப்படியே நாள் கணக்காக வைத்திருக்க முடியாது. சூட்டோடு சூடாக மீதிக் காட்டில் ஊற்றிவிட வேண்டும். ஆனால் சாவு வீட்டார் கருமாதி முடிகிறவரை மஞ்சள் காட்டில் கால் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் வெற்றிலைத் தோட்டத்துக்கும் மஞ்சள் காட்டுக்கும் அந்தக் கட்டு உண்டு. வேறு எந்தக் காடு என்றாலும் பரவாயில்லை, மஞ்சள் மங்கலம், தீட்டுப் பட்டால் அழிந்துவிடும் என்பார்கள். பங்காளிகள் யாருக்கும் ஆகாது. என் கொழுந்தனாரோ மச்சாண்டாரோ யாரும் போக முடியாது. கூலிக்கு வருகிற வீரமுத்து எங்களுக்கு உறவில்லை, அவனுக்குத் தீட்டும் இல்லை. அதனால் மச்சாண்டாரிடம், என் வீட்டுக்காரரின் அண்ணன் பொன்னுரங்கத்திடம் போய் நின்றேன்.

"மாமா, மீதிக் காட்டுக்கு ஊத்திடணும். நான் போவல. வீரமுத்துவ அனுப்பறேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சாவு வூட்டுத் தண்ணிய மஞ்சக் காட்டுல ஊத்துவியா? மகாலட்சுமிமா அது. கருமாதி முடியட்டும். செடி எங்க ஓடியா போவுது?"

"செடி ஓடாதுங்க மாமா. அழுவல் ஓடியாரும்."

கூடத்தில் இருந்த நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதுதான் பதில். அவர் கெட்டவர் என்றால் வாய் நிறையத் திட்டித் தீர்த்திருப்பேன். தம்பி போனதிலிருந்து அவரும் தன் மஞ்சள் காட்டை எட்டிப் பார்க்கவில்லை. அங்கேயும் மழைத் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருந்தது. நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் மனுஷன் தன் வாயில் மண்ணைப் போட்டுக்கொள்வதற்கும் தயங்குவதில்லை.

வீரமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "எனுக்கு இன்னாங்க, ஊத்திடுவேன். நாளைக்கு ஊர்ல யார் மஞ்ச அழுவினாலும் வீரமுத்து தீட்டத் தூக்கினு போய் ஊத்தினான்னு என் தலையிலதான் வெப்பாங்க. வேலைக்கு யார் கூப்புடுவா?" அவன் சொன்னதும் நியாயம்தான். எல்லார் பக்கமும் நியாயம் இருந்தது, அழுகல் மட்டும் யாரிடமும் நியாயம் கேட்கவில்லை.

நான் தினமும் கலக்கினேன். வேகம் குறையாமல் இருக்க அவர் செய்த மாதிரியே நடுவில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் போட்டேன். வெயில் படாமல் சாக்கைப் போர்த்தினேன். இது இத்தனை நாள் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்கும் என்று வைத்துக்கொண்டேன். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவது என்று மனதுக்குள் முடிவு. அந்த ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தேன், சாப்பிட்டேன்.

கருமாதிக்கு முன்நாளே சாப்பாட்டுக்குச் சமையல்காரர் வந்துவிட்டார், ஆனால் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. டிராக்டரில் கொண்டுவந்த தண்ணீரைப் பிடித்து வைக்க ஏனம் போதவில்லை. நான் உள்ளே சொந்தக்காரப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் டிரம் உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் ஓடினேன்.

தைலம்மாள் அண்ணி டிரம்மைச் சாய்த்து, உள்ளே பிளீச்சிங் பவுடரைத் தூவி, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் பழுப்பு நிறத் தண்ணீர் நுரையோடு போய்ச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "புளிச்சி நாறுதுமே, வர்ற ஜனம் இந்தத் தண்ணியிலயா கை கழுவும்? பளபளன்னு தேச்சிட்டேன்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளினேன். மண்ணும் பிளீச்சிங் நெடியும்தான் வந்தது. அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. மாரில் அடித்துக்கொண்டேன், மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டேன். "செத்த அன்னிக்குக்கூட இவ இப்பிடி அழுவலியே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஆமாம், அழவில்லை. அன்றைக்கு அவர் செத்தார் என்று எனக்குத் தெரியும், நம்பவில்லை. இன்றைக்குத்தான் நம்பினேன்.

"பொட்டலந்தானேமே, நான் வாங்கித் தரேன். சின்னசேலத்துல எங்க வூட்டாண்டையே குடுக்கறாங்க" என்று அண்ணி என்னைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"அவரு கையால கலக்கினது அண்ணி. அவரு கை பட்டதுல இன்னும் உசுரோட இருந்தது இந்த வூட்டுல அது ஒண்ணுதான். அதையும் கொன்னுட்டீங்களே."

 அவர் என் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி தம்பி என்று அழுதார். என்னால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

மறுநாள் கருமாதி. விடியும்போதே என்னைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கடைசித் தடவையாக மஞ்சள் பூசி, பூ வைத்து, வளையல் அடுக்கி, அப்புறம் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். கடையில் வாங்கிய மஞ்சளே போதும்தான். ஆனால் அண்ணிக்கு முன்நாள் நடந்தது மனதில் அறுத்துக்கொண்டிருந்தது. "என் தம்பி வெச்ச மஞ்சள்லதான் என் தம்பி பொண்டாட்டிக்குப் பூசணும்" என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். சடங்குக்கு என்பதால் பொன்னுரங்கம் மாமாவும் தடுக்கவில்லை. உறவில்லாத ஆளாக இருக்கட்டும் என்று பழனியின் மனைவி எழில்மதியை அனுப்பினார்கள்.

அவள் இரண்டு செடியோடு வந்தாள். முகம் சரியாக இல்லை. என் காதருகே குனிந்து, "அக்கா, பள்ளத்துப் பக்கம் தொட்டாலே தண்டு கையோட வருது, ஒரே நாத்தம். மேட்டுப் பக்கம் போய்த்தான் புடுங்கினேன். அங்க கெழங்கு கல்லு மாரி கீது" என்றாள்.

அதை அம்மியில் வைத்து அரைத்தார்கள். முற்றாத கிழங்கு, ஆனாலும் நிறம் நன்றாக இருந்தது. என் முகத்திலும் கழுத்திலும் பூசினார்கள், தாலிக் கயிற்றிலும் பூசினார்கள். அவர் காப்பாற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னாரே, காப்பாற்றியது என் தாலியை எடுக்கத்தான் முதலில் உதவியது. அதைச் சொல்லி அழக்கூட அங்கே எனக்கு நேரம் கொடுக்கவில்லை. தலையில் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் யாரையும் கேட்காமல் காட்டுக்குப் போனேன். தாலி அறுத்தவள் மஞ்சள் காட்டுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் சொல்லத் தயாராகத்தான் போனேன். யாரும் கேட்கவில்லை. பொன்னுரங்கம் மாமா மட்டும் பின்னாலேயே வந்தார்.

பள்ளத்துப் பக்கம் பாதிக் காடு சாய்ந்து கிடந்தது. மேட்டுப் பக்கம் பச்சைப் பசேல் என்று என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. மாமா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மேட்டுல தண்ணி நிக்கல, அதான்" என்றார்.

நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். மச்சாண்டாரைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அன்றைக்குத் தொட்டேன். நடுவில் இருந்த ஒரு பாரைக் காட்டினேன். ஒரே பார். ஒரே மட்டம், ஒரே தண்ணீர். தலைமாட்டிலிருந்து பாதி தூரம் பச்சை, அதற்கப்புறம் அத்தனையும் பழுத்துக் கிடந்தது. "இங்கதான் மாமா அவருக்கு நெஞ்சு வலிச்சிது. இதுவரைக்கும் ஊத்தினாரு" என்றேன்.

மாமா அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தார். பச்சைச் செடியைத் தொட்டார், பக்கத்தில் பழுத்ததைத் தொட்டார், அது கையோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தார்.  துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, "நான்தான்மா தடுத்துட்டேன்" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துண்டை எடுத்துவிட்டு எழுந்து, "இப்ப இன்னா செய்யணும் சொல்லு, நான் செய்யறேன்" என்றார்.

அவரே பஸ் ஏறிச் சின்னசேலம் போய் விரிவாக்க மையத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்தார். ஷாலினி என்று ஒரு பெண், ஸ்கூட்டரில் வந்தாள். சேற்றில் இறங்கித் தோண்டிப் பார்த்தாள், தண்டை நசுக்கிப் பார்த்தாள். சாய்ந்தது எதுவும் பிழைக்காது, பிடுங்கித் தூரக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள் என்றாள். நல்ல பாதிக்கும் அழுகின பாதிக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தனியே விடுங்கள், நல்ல பாதிக்கு மறுபடி சூடோமோனாஸ் ஊற்றுங்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

"வாய்க்கால் இந்தப் பார் மேலதாங்க்கா வரணும். இத முழுசா எடுத்துடுங்க" என்றாள். அவள் நின்றது அந்தப் பாதிப் பார் பக்கத்தில்.

"அதுல பாதி நல்லா கீதே."

"பாக்கத்தான் நல்லா இருக்குதுங்க்கா. பக்கத்துலயே அழுகல், ஒரே மண்ணு. இத விட்டா அடுத்த மழைக்கு இது வழியா மேல ஏறிடும்."

"அத மட்டும் எடுக்க மாட்டேன். வேற எத வேணும்னாலும் சொல்லு."

அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தம்பி அங்கே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்ததை மாமாதான் சொன்னார்.   அந்தப் பெண் மெதுவாக, "அவரு ஊத்தின மத்ததெல்லாம் நிக்கணும்னா இது போயித்தாங்க்கா ஆவணும்" என்றாள்.

மறுநாள் வீரமுத்து மண்வெட்டியோடு வந்தான். கூப்பிடாமலே வந்தான். அவனும் மாமாவும் பள்ளத்துப் பக்கம் பிடுங்கிப் போட்டார்கள். அந்தப் பாரை நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அழுகின முனையில் தொடங்கினேன். கஷ்டமே இல்லை, தொட்டதும் வந்தது, விரலெல்லாம் கூழும் நாற்றமும். குனிந்தபடியே ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டு போய்ப் பச்சை தொடங்குகிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அவர் உட்கார்ந்த இடம் என்று மண்ணில் ஏதாவது பள்ளம், ஏதாவது தடம் இருக்கும் என்று பார்த்தேன். மழை ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.

முதல் பச்சைச் செடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. வேர் நன்றாகப் பிடித்திருந்தது. அதற்குத்தானே அவர் ஊற்றினார். "ஏங்க, வுடுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். மண்ணோடு வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பிடித்தேன்.